ஒரே முற்றத்தில் இரண்டு நாய்கள்

இல்லத்தில் ஒரு நாய் இருக்கும்போதே மற்றொன்றைக் கொணர்வோர் பலர், இரண்டும் தாமே பழகிக்கொள்ளும் என்று எண்ணிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணினோம். அதனால் விளைந்த தவற்றையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் பெற்றோர்க்கும் சிறுவர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

நிகழ்ந்தது

நம் இல்லத்தில் மணி என்னும் நாய் ஒன்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்தது. பேரன் விரும்பியதால் கருப்பன் என்னும் குட்டியும் வந்து சேர்ந்தது. இரண்டிற்கும் தாழ்வாரத்தில் அருகருகே தட்டு வைத்தோம். குட்டி தன் சோற்றை விரைந்து உண்டுவிட்டு மணியின் தட்டை நாடும். மணி உறுமும். மூத்தது இவ்வாறு நடக்கலாமா என்று சினந்து, நாம் பிரம்பை எடுத்தோம். நான்கைந்து நாட்களில் உறுமல் நின்றது. அமைதி வந்துவிட்டதென மகிழ்ந்தோம்.

பத்தாம் நாள், மணி உறுமாமலேயே பாய்ந்து குட்டியின் காதைக் கிழித்தது. விலக்கச் சென்ற பேரனின் கையிலும் பல் பதிந்தது. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் செய்தோம். கடித்தது வீட்டு நாயே என்று இதில் காலம் தாழ்த்தலாகாது.

கால்நடை மருத்துவர் மணியைச் சோதித்து, அதன் இடுப்பு மூட்டில் வலி இருப்பதைக் கண்டறிந்தார். குட்டி மேலே தாவிய போதெல்லாம் அது துன்புற்றிருக்கிறது. அதன் பேச்சைத்தான் நாம் நிறுத்தினோமேயன்றி வலியை நிறுத்தவில்லை என்று அவர் விளக்கியபோது, ஆயுள் முழுதும் வகுப்பறையில் நின்ற நாம் தலைகுனிந்தோம்.

உறுமலின் பொருள்

உறுமல் என்பது சண்டையன்று. சண்டையைத் தவிர்க்க நாய் விடுக்கும் எச்சரிக்கை. அதற்கு முன்னரே வேறு குறிப்புகளும் தோன்றும். உடல் விறைக்கும், பார்வை அசையாது நிற்கும், உண்ணும் வாய் திடீரென நின்றுவிடும், உதடு மேலெழும். இவற்றை அடித்து அடக்கினால், நாய் எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். குறிப்பைக் கண்டவுடன் மற்ற நாயை அழைத்து அப்பால் கொண்டு செல்வதே நம் கடமை.

தலைமை பற்றிய தவறான கருத்து

நாய்களுள் ஒன்று தலைமை ஏற்கும் வரை அவை போரிடட்டும் என்பாரும் உளர். இக்கருத்து ஓநாய்களைப் பற்றிய பழைய ஆய்வுகளிலிருந்து பரவியது. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்னும் அறிஞர், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களின் பூசல்களைக் கண்டு எழுதினார். 1970-இல் டேவிட் மெக் தம் நூலில் அக்கருத்தை வழங்கினார். பின்னர், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தம் விருப்பம்போல் திரியும் ஓநாய்களைப் பல கோடைகளில் நேரில் கண்டு, 1999-இல் அதனைத் தாமே திருத்தினார். ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே. தலைமைக்கான போர் அங்கு அரிது என்றார். கற்றறிந்தவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டாராயின், நாம் பிரம்பைக் கீழே வைப்பதில் இழுக்கென்ன?

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதல் சந்திப்பு வீட்டிற்கு வெளியே பொதுவிடத்தில் நிகழட்டும். இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திச் செல்க. கயிற்றை இழுத்துப் பிடித்தல் கூடாது. அது நாய்க்குப் பதற்றம் தரும்.

2. உணவைத் தனித்தனி அறைகளில் கதவை மூடி வைக்க. இரண்டும் உண்டு முடித்து, தட்டுகளை எடுத்த பின்னரே கதவைத் திறக்க. நீர்ப் பாத்திரமும் இரண்டிடங்களில் இருக்கட்டும்.

3. ஒவ்வொன்றிற்கும் தனிப் படுக்கை வேண்டும். முதிய நாய்க்குக் குட்டி புக முடியாத ஓரிடம் இன்றியமையாதது.

4. பல வாரங்கள் பூசலின்றிக் கழியும் வரை, இரண்டையும் ஆளில்லாமல் சேர்த்து விடலாகாது.

5. சண்டை மூண்டால் இடையே கை நீட்டாதீர். தட்டைத் தட்டி ஓசை எழுப்புக, நீரை ஊற்றுக, அல்லது பலகையை நடுவே செலுத்துக. பிரிந்தபின் நெடுநேரம் தனித்தனியே வைக்க.

6. அமைதியான நாய் திடீரெனச் சினந்தால், முதலில் நோய் உண்டா என மருத்துவரிடம் காட்டுக.

வகுப்பில் இரு பிள்ளைகள் ஒரே பலகைக்குச் சண்டையிட்டால், நல்லாசிரியர் இரண்டாவது பலகையைத் தேடுவார். வலியவன் யாரென்று பார்த்திரார். நாய்களுக்கும் இதுவே முறை.

மணிக்கு மருந்து கொடுத்தோம்; பின்கட்டு அறையை அதற்கென ஒதுக்கினோம். இரண்டு மாதங்களில் அவை முற்றத்து நிழலில் ஒரு முழ இடைவெளியில் படுக்கத் தொடங்கின. இன்றும் அருகருகே உண்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பேரனின் கையிலுள்ள தழும்பு மட்டும் நம் தவற்றை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

சிறுவர்க்கான வினாக்கள்

1. உறுமும் நாயை ஏன் அடித்தல் கூடாது?
2. உறுமலுக்கு முன் தோன்றும் குறிப்புகள் யாவை?
3. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியது யாது?