ஒட்டுப் போட்ட உடையும் உயர்ந்த உடையே

 

நம் வீடுகளில் ஒரு கைலி கிழிந்தால் இன்று என்ன நடக்கிறது? ஒரு சாண் கிழிசல் கண்டவுடனே அது தரை துடைக்கும் துணியாகிறது. இரண்டு வாரத்தில் குப்பைப் பைக்குள் போகிறது. சட்டையில் ஒரு பொத்தான் விழுந்தால் அந்தச் சட்டை அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. பெருநாள் வந்ததும் புதிதாக நான்கு வாங்குகிறோம். ஊசியும் நூலும் இல்லாத வீடு கிடையாது. ஆனால், "ஒட்டுப் போட்டு உடுத்தினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்ற கூச்சம் கையைத் தடுக்கிறது. இந்தக் கூச்சத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்பதையும், கிழிந்த துணியை மீண்டும் பயன்படுத்தும் முறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

மார்க்கம் காட்டும் வழி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் உடையைத் தாமே தைப்பார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையார் விடை பகர்ந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஊசி பிடிப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்கும் ஆண்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அன்னை ஆயிஷா நாயகி அவர்களைப் பற்றியே ஒரு செய்தி இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தொகுத்த 'அல் அதபுல் முஃப்ரத்' என்னும் நூலில் உள்ளது. ஒருவர் அன்னையாரைக் காண வந்தார். தம் ஆடையைத் தைத்து முடிக்கும்வரை பொறுத்திருக்கும்படி அன்னையார் சொன்னார்கள். இதை வெளியே சொன்னால் மக்கள் கஞ்சத்தனம் என்றல்லவா எண்ணுவார்கள் என்றார் வந்தவர். பழையதை உடுத்தாதவருக்குப் புதியதும் இல்லை என்னும் கருத்தில் அன்னையார் பதிலளித்தார்கள். இன்று நமக்கு வரும் அதே கூச்சம் அன்று அந்த மனிதருக்கும் வந்திருக்கிறது! அன்னையாரோ அதைப் பொருட்படுத்தவே இல்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவராயிருந்த காலத்தில், அவர்களுடைய சட்டையில் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் இது பதிவாகியுள்ளது. பாரசீகத்தையும் ரோமாபுரியையும் நடுங்கச் செய்த ஆட்சியாளரின் முதுகில் மூன்று ஒட்டுகள்!

இதனால் அழுக்கும் கந்தலுமாகத் திரிவதே பக்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்பதும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததே. திருக்குர்ஆனில் அல் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம், தொழுமிடத்தில் அழகாக உடுத்தும்படி கட்டளையிட்டு, வீண்விரயத்தையும் அங்கேயே தடுக்கிறது. அழகும் சிக்கனமும் ஒரே வசனத்தில் சேர்ந்து நிற்பதைக் காண்க. ஆகவே, ஒட்டுப் போடலாம். ஆனால் சுத்தமாக, ஒழுங்காகப் போட வேண்டும்.

தொழுகைச் சட்டத்தையும் ஈண்டு அறிந்துகொள்வோம். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி, தொழுகையில் ஆண்கள் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியையும், பெண்கள் முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் தவிர்ந்த உடல் முழுவதையும் மறைக்க வேண்டும். அந்தப் பகுதி தெரியும்படி கிழிசல் இருந்தால் அந்த உடையோடு மட்டும் தொழுவது கூடாது. சுத்தமான துணியால் ஒட்டுப் போட்டு மறைத்துவிட்டால் தாராளமாகத் தொழலாம். ஒட்டு இருப்பதால் தொழுகைக்கு எவ்விதக் குறையும் இல்லை. கைலியில் தெரியாமல் விட்ட சிறு கிழிசல்தான் ஆபத்து. எனவே, துவைத்துக் காயப்போடும்போதே துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

துணியின் அருமை

மலாய் மக்கள் கட்டத்துணிக் கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடு துறைமுகத்தின் பெயர்தான் அப்படி மருவி வழங்குகிறது. அக்கரையிலிருந்து துணி மூட்டைகளோடு கப்பலேறி வந்த வியாபாரிகளில் நம் முன்னோரும் இருந்தார்கள். துணியை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது.

தெரியாதவர்களுக்கு யுத்தம் கற்பித்தது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது முதல் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பும்வரை மலாயாவுக்கு வெளிநாட்டுத் துணி வருவது அநேகமாக நின்றுபோயிற்று. தோட்டங்களில் மக்கள் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தி மானம் காத்தார்கள். செல்வம் மிகுந்த இங்கிலாந்திலும் இதே நிலைதான். அங்கே 1941 ஜூனில் தொடங்கிய துணிப் பங்கீடு 1949 மார்ச்சில்தான் முடிந்தது. பழையதைத் தைத்து உடுத்தும் முறைகளைக் கற்பிக்க அந்நாட்டு அரசாங்கமே 1943இல் புத்தகம் வெளியிட்டது.

இன்று துணிக்குப் பஞ்சமில்லை. எறியும் துணி எங்கே போகிறது என்பதைத்தான் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பைராம் தோட்டத்து மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் குப்பை பத்து மாவுங்கிலிருந்து கடல் வழியாகவும், பெருநிலத்தின் குப்பை லாரிகளிலும் வந்து சேர்ந்த புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு நிபோங் திபால் வட்டாரத்தில், இத்தோட்டத்துக்கு அருகேதான் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. தோட்டத்து மக்கள் மூச்சுத் திணறி அல்லற்பட்டார்கள். பலர் வீட்டை விட்டு நகர வேண்டியதாயிற்று.

பருத்தித் துணி காற்றுப் புகாமல் குப்பைக்கடியில் மக்கும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. பாலியெஸ்டர் துணியோ பிளாஸ்டிக் இனம். அது எளிதில் மக்குவதே இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டில் எறியும் சட்டை நிபோங் திபாலில் இன்னொரு வீட்டின் வாசலுக்கு வருகிறது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதிருப்பது ஈமானைச் சேர்ந்தது என்று படித்திருக்கிறோம். அந்தப் பாடம் நம் குப்பைப் பைக்கும் பொருந்தும்.

தைக்கும் முறைகள்

இனி வேலையைப் பார்ப்போம். எதையும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும்.

1. ஒட்டுப் போடுதல். ஒட்டுத் துணி பழையதாகவே இருக்கட்டும். புதுத் துணி துவைத்தபின் சுருங்கிச் சுற்றியுள்ள பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும். புதிதுதான் கிடைக்குமானால் முதலில் அதைத் துவைத்துச் சுருக்கிக்கொள்க. கிழிசலைச் சுற்றிப் பிசிறு நீக்கி, ஓட்டையைச் சதுரமாக வெட்டுக. ஒட்டுத் துண்டு ஓட்டையைவிட நான்கு பக்கமும் 1 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். துணியின் பாவும் ஒட்டின் பாவும் ஒரே திசையில் ஓட வேண்டும். கைலியானால் கட்டமும் கட்டமும் பொருந்த வேண்டும். ஒட்டை உட்புறம் வைத்துத் தற்காலிகமாக நூலோட்டிப் பிடித்துக்கொள்க. ஓட்டையின் மூலைகளில் சிறிது வெட்டி, ஓரங்களை கால் அங்குலம் உள்ளே மடித்து, வெளிப்புறத்திலிருந்து நெருக்கமாகத் தைக்க. பிறகு உட்புறம் ஒட்டின் ஓரத்தையும் மடித்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டம் பொருந்தியிருந்தால் நாலடி தள்ளி நிற்பவருக்கு ஒட்டு இருப்பதே தெரியாது.

2. இழையோட்டுதல். பூச்சி அரித்த சிறு ஓட்டைக்கு ஒட்டுத் தேவையில்லை. அதே உடையின் உள்மடிப்பிலிருந்து இழை உருவினால் நிறம் சரியாக ஒத்துப்போகும். ஓட்டைக்கு அரை அங்குலம் வெளியிலிருந்து தொடங்கி, முதலில் பாவு போல நெடுக்கில் இழைகளை ஓட்டுக. பிறகு ஊடை போலக் குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து வருக. நூலை இழுத்து இறுக்கினால் துணி சுருங்கும், தளர்வாக விடவும்.

3. காலரைத் திருப்புதல். சட்டையில் முதலில் தேய்வது காலரின் மடிப்புதான். காலர் கழுத்துப் பட்டையோடு சேரும் தையலை மட்டும் பிரித்து எடுத்து, நடுவை அடையாளமிட்டு, காலரை மேல்கீழாகத் திருப்பி மீண்டும் அதே இடத்தில் தைத்தால் தேய்ந்த பக்கம் அடியில் மறைந்துவிடும். காலர் முனையில் பொத்தான் துளை உள்ள சட்டைக்கு இம்முறை ஒவ்வாது.

4. படுக்கை விரிப்பு. விரிப்பு நடுவில்தான் நைந்துபோகும். ஓரங்கள் திடமாக இருக்கும். நெடுக்கில் நட்ட நடுவே வெட்டி, வெளி ஓரங்கள் இரண்டையும் சேர்த்து நடுவில் தைத்து, நைந்த பகுதியை இரு பக்கமும் போகவிட்டு மடித்துத் தைக்க. அதன் ஆயுள் மேலும் சில ஆண்டுகள் கூடும்.

5. கைலியில் பை. உட்காரும் இடத்தில் கைலி நைந்தாலும் மற்ற பகுதி கெட்டியாகவே இருக்கும். மூட்டைப் பிரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் துணி கிடைக்கும். நல்ல பகுதியில் 16 அங்குல அகலம், 36 அங்குல நீளம் வெட்டி, நீளத்தைப் பாதியாக மடிக்க. பக்கங்களை முதலில் வெளிப்புறமாகத் தைத்து, பையைப் புரட்டி, உட்புறமாக மறுமுறை தைத்தால் பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். வாயை மடித்துத் தைக்க. 4 அங்குல அகலப் பட்டைகள் இரண்டை நான்காக மடித்துத் தைத்துக் கைப்பிடியாக்குக. 2011 முதல் பினாங்குக் கடைகளில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைப்பதில்லை. சந்தைக்குப் போக இந்தப் பை உதவும்.

6. பழைய புடவை மெத்தை. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்வார்கள். நாமும் மெத்தென்ற பழைய பருத்திப் புடவைகளை மூன்று நான்கு மடிப்பாக விரித்து, நடுவிலிருந்து வெளியே நோக்கி விரற்கடை இடைவெளியில் நூலோட்டித் தைத்தால், குழந்தைக்குப் படுக்கையாகும். நடுவில் கிழியாத துண்டை வைத்தால் தொழுகை விரிப்பும் ஆகும்.

கொடுக்கும் முன் தைக்கவும்

ரமலான் நெருங்கும்போது பழைய துணிகளை மூட்டை கட்டித் தர்மமாகக் கொடுக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டே தவிர நாமே ஏற்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாட வேண்டாம் என்று அல் பகரா அத்தியாயத்தின் 267ஆவது வசனம் எச்சரிக்கிறது. பொத்தான் இல்லாத சட்டை, அறுந்த ஜிப் கொண்ட காற்சட்டை, அக்குள் கிழிந்த பாஜு ஆகியவற்றைப் பெறுகிறவர் என்ன செய்வார்? நாம் எறியக் கூசியதை அவரைக்கொண்டு எறியச் செய்கிறோம். அவ்வளவுதான். நமக்குக் கால் மணி நேர வேலை. பெறுகிறவருக்கு அது மரியாதை. தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்த உடையே கொடுக்கத் தகுந்த உடை.

தாய்மார்கள் தம் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண் பிள்ளைகளுக்கும் ஊசியில் நூல் கோக்கவும் பொத்தான் தைக்கவும் பழக்க வேண்டும். தந்தையர் தாமே ஒரு முறை தம் கைலிக்கு ஒட்டுப் போட்டுக் காட்டினால் அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. வருகிற ஜும்ஆவுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உடையேனும் தைக்கப்படட்டும். அந்த உடையோடு பள்ளிவாசலுக்கு வருவதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்களின் கைவேலையைப் பின்பற்றியவராகவே வருகிறோம்.

வல்ல அல்லாஹ் நம்மை வீண்விரயத்திலிருந்து காத்து, இருப்பதில் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.