கேட்டால் திறக்கும் கதவு

நுழையும்முன்

நூல்கள் நிறைந்த அறைக்குச் சென்றும் தேடியது கிடைக்காமல் திரும்பும் மாணவர் உண்டு. அறிவுச்செல்வத்தைச் சேர்த்து வைப்பது ஒரு பணி. அதனைத் தேவைப்படுவோரிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி. இரண்டாம் பணியின் அருமையை உணர்த்திய ஓர் ஆசிரியரின் வாழ்க்கை வழியே, கல்வித்துணை என்பதன் பொருளை இப்பாடம் விளக்குகிறது.

அரிசி ஆலைகளும் தேங்காய் உலர்களங்களும் நிறைந்த ஊர் காங்கேயம். இங்கிருந்து பனியன் தொழிலாளர் திருப்பூருக்குச் செல்லும் பேருந்துகளில் கல்லூரி மாணவரும் செல்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியோர் அவர்களுள் உண்டு. வகுப்பில் விளங்காத ஒரு கணக்கை வீட்டில் கேட்டறிய அவர்களுக்கு வழியில்லை. பெற்றோர் தம் உழைப்பால் துணைநிற்பர். பாடத்தில் துணைநிற்க அவர்களால் இயலாது. ஓர் ஐயம் தீருமுன்னரே அடுத்த பாடம் வந்துவிடும். இவ்வாறு சேரும் சிறு ஐயங்களே 'எனக்குப் படிப்பு வராது' என்னும் பெரும் முடிவாகின்றன. அம்மாணவரிடம் அறிவுக்குக் குறைவில்லை. கேட்பதற்குத்தான் ஓர் இடமில்லை.

இக்குறையைப் போக்கவே பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்றல் துணை மையங்கள் இயங்குகின்றன. கடினமான பாடங்களுக்குத் தனிப்பயிற்சி அளித்தல், கட்டுரை எழுத வழிகாட்டுதல், மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்கு உதவுதல் ஆகியன இவற்றின் பணிகள்.

இதே நோக்கத்தை நூலகத்தின் வழியே நிறைவேற்றியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்த அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர் சூழ இருந்தவர்க்கு நூலகத்தின் தனிமை பொருந்தவில்லை; மீண்டும் வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். ஆயினும், நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அவர் எண்ணம் மாறியது. அங்குள்ள நூலகங்கள் சிறுவர், தொழிலாளர், பெண்கள் என அனைவர்க்கும் பயன்பட்டதைக் கண்டார். நூலகமும் ஒரு வகுப்பறையே என உணர்ந்தார்.

1925இல் தாயகம் திரும்பியபின் நூலகப் பணியையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். நூல் பயன்பாட்டுக்கே உரியது. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்னும் கருத்துகளை 1931இல் ஐந்து விதிகளாக வெளியிட்டார். தேடிவரும் வாசகர் அருகில் நின்று, அவர் தேவையை அறிந்து உதவுவதே நூலகரின் தலையாய கடமை என வலியுறுத்தினார்.

இன்று கணினியும் இணையமும் பாடங்களைக் கைக்கருகே கொணர்ந்துள்ளன. எனினும், எதைத் தேடுவது என அறியாத மாணவர்க்கு அவற்றால் மட்டும் முழுப்பயன் விளைவதில்லை. வழிகாட்ட ஒருவர் வேண்டும். அவரை நாடிச்சென்று வினவும் துணிவு மாணவர்க்கும் வேண்டும். தெரியாததைக் கேட்பது இழுக்கன்று. கேளாமல் படிப்பைக் கைவிடுவதே இழப்பு.

தெரிந்து தெளிவோம்

அரங்கநாதனைப் போற்றும் வகையில் ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த உதவுகிறது. 1957இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் அரங்கநாதனின் ஐந்து விதிகள் எவ்வாறு பின்பற்றப்படுகின்றன என்பதை ஆராய்ந்து குறிப்பு எழுதுக.
2. உங்களுக்கு நன்கு தெரிந்த பாடப்பகுதி ஒன்றை, அதில் ஐயமுள்ள நண்பர்க்கு விளக்குக. அவ்வனுபவத்தை வகுப்பில் பகிர்க.