சாட்சியின் அருகில் யார் உட்காருவது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சட்டம் படிக்கிறவர் என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். விசாரணை ஆணையத்தின் வேலை உண்மையைக் கண்டறிவது. அங்கே உளவியலாளருக்கு என்ன இடம்? சாட்சியோடு அவர் பேசிக்கொண்டே இருந்தால் சாட்சியம் திரிந்துவிடாதா? இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் முதல் கேள்வியில், உண்மை ஒரு பக்கமும் அதைச் சொல்கிறவரின் மனம் இன்னொரு பக்கமும் இருப்பதாக எண்ணிவிட்டீர்கள். அந்த எண்ணத்தால் எத்தனையோ விசாரணைகள் பாழாகியிருக்கின்றன. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 2013 ஜனவரியில் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. தேவாலயங்கள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள் போன்ற நிறுவனங்களுக்குள் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரிப்பது அதன் பணி. தலைவர், நீதிபதி பீட்டர் மெக்லெலன். ஆறு ஆணையர்களில் ஒருவரான ஹெலன் மில்ராய் குழந்தைகள் மனநல மருத்துவர். அந்நாட்டின் பூர்வகுடிகளில் ஒருவர். தமக்கு நடந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்ல, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன என்று அந்த ஆணையம் பின்னர் கண்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு வாயைத் திறக்காதவரைக் கூண்டில் ஏற்றி, சத்தியம் வாங்கி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்கு முன் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? பலர் வரவே மாட்டார்கள். வருகிறவர்களில் பலரும் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

எனவே 2013ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, தனி அமர்வு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. ஆணையர் எதிரே உட்கார்ந்து கேட்பார். தமக்கு நெருக்கமான ஒருவரைச் சாட்சி கூட்டி வரலாம். அமர்வுக்கு முன்பும், நடக்கும்போதும், பின்பும் உளவளத்துணையாளர் இருப்பார். 2017 டிசம்பரில் அறிக்கை வெளியானபோது இப்படி 8,013 அமர்வுகள் நடந்து முடிந்திருந்தன. அந்த அமர்வுகளில் கேட்டவை ஆணையத்தின் ஆய்வுக்கும் அடித்தளமாயின. 2,500க்கும் மேற்பட்ட விவரங்கள் காவல்துறை உள்ளிட்ட அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டன. உண்மை கிடைத்தது, நண்பரே. வழக்கமான கூண்டுக்குள் ஒருபோதும் வந்திராத உண்மை.

இதில் வழக்கறிஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பேரதிர்ச்சிக்குள்ளான மனம் நிகழ்ச்சிகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. அறையின் வாடை நினைவிருக்கும், சுவரின் நிறம் நினைவிருக்கும். எந்த மாதம் என்று கேட்டால் தெரியாது. கொடூரமான பகுதியை ஒருவர் சந்தைக்குப் போய்வந்த கதை போலச் சலனமில்லாமல் சொல்வார். சாதாரண ஒரு கேள்வியில் உடைந்துபோவார். பழக்கமில்லாத கண்ணுக்கு இதெல்லாம் பொய்யின் அடையாளமாகத் தெரியும். கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, எப்போது இடைவேளை விடுவது, முன்கூட்டியே எதைச் சொல்லி வைப்பது என்று உளவியலாளர் வகுத்துத் தருவது சாட்சிக்குக் காட்டும் சலுகை ஆகாது. சாட்சியத்தைச் சரியாக வாசிக்க ஆணையத்துக்கே அந்த உதவி தேவை.

ஆதரவு ஊழியர்களை நியமித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு லண்டன் கிரென்ஃபெல் விசாரணை ஒரு பாடம். 2017 ஜூன் 14 அன்று அந்த 24 மாடிக் குடியிருப்பில் பிடித்த தீ 72 உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு மே மாதம், சாட்சி விசாரணைக்கு முன்பாக, இறந்தவர்களைக் குடும்பத்தார் நினைவுகூர நாட்கள் ஒதுக்கினார்கள். மிக நல்ல ஏற்பாடு. இறந்தவர்கள் முதலில் மனிதர்களாக அவையின் முன் வந்தார்கள். ஆனால் மே 22 அன்று ஒரு குடும்பத்தின் அஞ்சலிக் காணொளியில் கட்டடம் எரியும் காட்சி திடீரென்று திரையில் ஓடியது. தக்க எச்சரிக்கை தரப்படவில்லை. பலர் அலறி வெளியே ஓடினார்கள், ஒரு பெண் மயங்கி விழுந்தார். விசாரணைத் தரப்பு மன்னிப்புக் கேட்டது. மனநல ஆதரவுக்கென ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். விழுந்த பிறகு தாங்கிப் பிடிப்பதுதான் அவர்களுக்கு விடப்பட்ட வேலை. எந்தக் காட்சி எப்போது ஓடும் என்பதை முன்பே பார்த்து, ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் அத்தகைய ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும். உளவியலாளர் தலைமை தாங்க வேண்டும் என்று நான் சொன்னால், அது இந்தப் பொருளில்தான்.

உங்கள் இரண்டாவது அச்சத்துக்கும் ஒழுங்குமுறை இருக்கிறது. ஆதரவு தருபவர் சாட்சியத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது. எந்த அறை, யார் யார் இருப்பார்கள், நடுவில் எப்படி நிறுத்தச் சொல்லலாம் என்பதை விளக்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒருபோதும் தொடக் கூடாது. சாட்சியின் மனநிலை குறித்து ஆணையத்துக்கு மதிப்பீடு எழுதுபவரும் வேறு ஆளாகவே இருக்க வேண்டும். இந்தக் கோட்டை அழித்தால் உங்கள் அச்சம் பலித்துவிடும்.

உளவியலாளர்களை நான் தெய்வமாக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் பும்லா கோபோடோ மடிகிசேலா என்ற உளவியலாளர் பணியாற்றினார். சாட்சியின் பக்கத்தில் ஆறுதலாக ஒருவர் உட்காருவது 1996இல் அங்கே தொடங்கிய அமர்வுகளின் வழக்கமாக இருந்தது. ஆயினும், சொல்லிவிட்டால் காயம் ஆறும் என்ற அந்த ஆணையத்தின் நம்பிக்கை அப்படியே பலிக்கவில்லை. பாதிக்கப்பட்ட 134 பேரிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வு, ஆணையத்தின் முன் பேசியவர்களின் மனநலம் பேசாதவர்களுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டிருக்கவில்லை என்று காட்டியது. அமர்வு முடிந்து வீடு திரும்பியவரை அதன்பின் யார் தேடிப் போனார்கள் என்பதே என் கேள்வி. அந்த அமர்வுகளின் மொழிபெயர்ப்பாளர்களையும் மறக்க வேண்டாம். சாட்சியின் சொற்களை ‘நான்’ என்று தன்மையிலேயே நாளெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது அவர்களுக்கு. சித்திரவதையை அப்படித் தம் வாயால் சொன்னவர்களின் மனமும் நொறுங்கியது.

இலங்கைத் தமிழருக்கு இது நேரடியாகத் தெரிந்த துயரம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் ஒரு ஆணையத்தின் முன் சொன்னதை அடுத்த ஆணையத்தின் முன் மறுபடி சொன்னார்கள். அதற்கடுத்ததன் முன்னும் சொன்னார்கள். நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்து 2016இல் மக்களிடம் கருத்துக் கேட்ட செயலணியில் கமீலா சமரசிங்க என்ற உளவியலாளர் உறுப்பினராக இருந்தார். வருவோருக்கு உளசமூக ஆதரவு தேவை என்று அந்தச் செயலணியின் அறிக்கை எழுத்திலேயே வலியுறுத்தியது. எழுதப்பட்டது எழுத்தாகவே கிடக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே ஒரு வன்முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீங்கள் வழக்கறிஞரான பின் ஏதேனும் ஓர் ஆணையத்தின் முன் பாதிக்கப்பட்டவர்களுக்காக நிற்கும் நாள் வரும். அதன் விதிமுறைகள் எழுதப்படும்போதே, உளவியலாளருக்கு என்ன அதிகாரம், அமர்வு முடிந்தபின் எத்தனை மாதம் ஆதரவு தொடரும், அதற்குப் பணம் எங்கிருந்து என்று கேளுங்கள். விசாரணைத் தேதி அறிவித்த பிறகு கேட்டால், சாட்சிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அன்புடன்.