குட்டை ஃப்ளாக்ஸ் செழிக்க...

ஃப்ளாக்ஸ் பூச்செடியின் தாயகம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. உறைபனியில் தண்டு பட்டுப்போனாலும் வேர் சாகாது. வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் 40 முதல் 60 செ.மீ. வரை மட்டுமே வளரும் குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஓரப்பாத்தியின் முன்வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான செடி குறைவு.

தினம் 6 மணி நேர வெயிலும், மக்கிய உரம் கலந்த ஈரம் காக்கும் மண்ணும் போதும்.

இதன் பெரிய எதிரி, இலையில் வெள்ளை மாவு பூசியதுபோல் படரும் சாம்பல் நோய். மருந்து தேடுவதற்கு முன் காற்றுக்கு வழிவிடுங்கள். செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி வேண்டும். வசந்தத்தில் தளிர்கள் ஒரு சாண் வளர்ந்ததும் மெலிந்தவற்றை நீக்கி, தூருக்கு 5, 6 தண்டுகளை மட்டும் விடுங்கள். மனசு வராதுதான், ஆனால் மிஞ்சிய தண்டுகளில் பூங்கொத்து பெரிதாக வரும். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல், காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

வாடிய கொத்துகளை விதை பிடிக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். விதை விழுந்து முளைக்கும் கன்றுகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் நிறத்தில் பூப்பதில்லை. 3, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடுங்கள். நோய் கண்ட தழையைக் கம்போஸ்ட் குழியில் போட வேண்டாம்.