'என்ன சாப்பிட்டீங்க?' என்பதோடு நிறுத்திவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியனாகச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆபரேஷன் முடிந்தவர்கள் "எது சாப்பிட்டாலும் ஒத்துக்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க ஒரு விலக்குப் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் தமிழ்க் குடும்பங்களோடு பல வருடம் உட்கார்ந்து பேசியதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: பட்டியல் நீள நீள அவர்கள் தட்டுதான் காலியாகிறது, தொல்லை குறைவதில்லை. ஆகவே பட்டியலுக்குப் பதிலாக இந்தக் கடிதம்.

ஸ்லீவ் என்னும் எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கையாவது வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பை பைபாஸ் என்னும் மற்றொரு வகையில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பிவந்த ஏற்பாடு அதோடு மாறிப்போகிறது. இனிப்பும் நீருமான உணவு வேகமாகக் குடலில் இறங்கும்போது இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கும், பேதியாகும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். டம்பிங் எனப்படும் தொல்லையின் முதல்வகை இது. இன்னொன்று பிந்திய டம்பிங், சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது. சட்டென்று ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் அளவு மீறிச் சுரந்து, சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. கை நடுங்கும், கண் இருட்டும், அடக்க முடியாத பசி எடுக்கும். பைபாஸ் செய்தவர்களிடம் இவை அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரும்.

இந்தத் தொல்லை எடைக்குறைப்பு அறுவையைவிட வயதில் மூத்தது. எட்வர்ட் மேசன் அமெரிக்காவின் அயோவாவில் பைபாஸைத் தொடங்கியது 1966இல். குடல்புண்ணுக்காக வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களிடம் மருத்துவர்கள் இதை 1913லேயே கண்டு எழுதிவிட்டார்கள். குடல்புண் மிகுந்திருந்த தென்னிந்தியாவில் அந்த அறுவையும் பரவலாக நடந்தது. ஆகவே உன்னிடம் வருகிறவர் "எங்க தாத்தாவுக்கும் அல்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான் வேர்க்கும்" என்று சொன்னால் தட்டிக்கழிக்காதே. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

முதல் கேள்வியாக "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறோம். அதோடு நிறுத்தாமல், "சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வந்துச்சு? எதை முதல்ல சாப்பிட்டீங்க? கூட என்ன குடிச்சீங்க? எத்தனை நிமிஷத்துல முடிச்சீங்க?" என்றும் கேள். பாதி நோயை இந்த நான்கும் பிரித்துக் காட்டிவிடும். ஒரு வாய் விழுங்கியதுமே நெஞ்சில் அடைத்து, நுரையாக வெளியே வந்தால் அது ஒவ்வாமை அல்ல. மெல்லாத சோறோ, பாவ் ரொட்டியோ, காய்ந்த கோழிக்கறியோ வழியில் நிற்கிறது. பால் குடித்தபின் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, பேதியானால் லாக்டோஸ் சேரவில்லை என்று சந்தேகப்படு. படபடப்பும் வேர்வையும் சேர்ந்து வந்தால் டம்பிங் பக்கம் பார். மூன்றுக்கும் "ஒத்துக்கல" என்ற ஒரே சொல்லைத்தான் அவர்கள் சொல்வார்கள். பிரித்தறிவது உன் வேலை.

நம் சாப்பாட்டு முறையை நன்றாக யோசித்துப் பார். சாம்பார் சோறு, ரசம் சோறு, மோர் சோறு என்று மூன்று முறையும் சோற்றைக் குழையப் பிசைந்து, நீரோடு சேர்த்து, மெல்லாமல் விழுங்குகிறோம். இடையிடையே தண்ணீர், முடிவில் பாயசம். அறுவை செய்த வயிற்றுக்கு இதைவிடக் கடினமான வரிசை இல்லை. அதற்காக ரசத்தை நிறுத்தாதே, வரிசையை மாற்று. முட்டையோ மீனோ பனீரோ கெட்டியான பருப்போ முதலில், அடுத்து காய், கடைசியில் இரண்டு மூன்று கரண்டி சோறு. சின்னக் கவளமாக எடுத்து, இருபது முப்பது நிமிடம் செலவிட்டு மெல்லட்டும். தண்ணீர், ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டு அரைமணி கழித்துத் தனியாக, மடக்கு மடக்காக. ஒரு நாளைக்கு ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளட்டும். டம்பிங் உள்ள பலருக்கு இந்த மாற்றங்களே போதும்.

தாராவியிலிருந்து வருகிறவரிடம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறதா? பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றாக வேண்டிய பெண்ணுக்கு, சாப்பிட்ட இருபதாவது நிமிடம் வரும் பேதி மானத்தையே பறிப்பது. அவள் வேலை நேரம் முழுவதும் பட்டினி கிடப்பாள், உன்னிடம் "சாப்பிடுறேன்" என்பாள். அவளுக்கு விடியற்காலைச் சர்க்கரைச் சாயையும் பன்னையும் மாற்றிக் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. விடியுமுன் இட்லி அவித்து விற்கக் கொடுத்தனுப்பும் வீடுகளில் இட்லிதான் எளிதாகக் கிடைக்கும். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவே புரதம். அவர்களுக்குத் தேவை நாளைக்கு 60 கிராமாவது. ஆகவே ஓர் இட்லி, அதற்கு முன்னால் ஓர் அவித்த முட்டை என்று சொல். விலை உயர்ந்த புரதப் பொடியை எழுதிக்கொடுக்கும் முன், முட்டை, நெத்திலி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, சோயா ஆகியவற்றைக் கணக்குப் போட்டுப் பார்.

மாட்டுங்கா சைவக் குடும்பங்களில் ஆபத்து வேறு. பால் சேரவில்லை என்று பாலை விடுவார்கள், வாயு என்று பருப்பை விடுவார்கள். மிஞ்சுவது சோறும் ரசமும்தான். பால் சேராத பலருக்குத் தயிரும் மோரும் சேரும். புளிக்கும்போது லாக்டோஸ் குறைகிறது. பருப்பையும் அறவே நிறுத்தாமல், தோல் நீக்கிய பாசிப்பருப்பிலிருந்து சிறிய அளவில் தொடங்கு. 1940இல் திறந்த கஃபே மெட்ராஸிலோ, 1942இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பியிலோ இனி உட்காரவே முடியாதா என்று கலங்கிப்போய்க் கேட்பார்கள். சில மாதங்கள் கழித்து உட்காரலாம், பசியை முந்தவிடாமல், பொறுமையோடு உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பு.

பிந்திய டம்பிங் நம் ஊரில் லோக்கல் ரயிலில் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு ஷீரா எனும் ரவா கேசரி, பத்து மணிக்கு நெரிசலில் மயக்கம். பக்கத்தில் நிற்பவர் பிஸ்கட்டும் இனிப்புச் சாயும் கொடுப்பார். சர்க்கரை ஏறி, மறுபடி சரியும். குளுக்கோஸை மருத்துவர் சொன்ன அளவு மட்டும் எடுக்க வேண்டும், தெளிந்ததும் கைப்பிடி பொட்டுக்கடலை என்று பழக்கு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவருகிறவரானால் உணவைக் குற்றம் சொல்லும் முன் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல். உணவை மாற்றியும் நிற்காவிட்டால் அகார்போஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதே.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பல நாள் ஓயாத வாந்தி, அதோடு பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம். தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியதன் அடையாளம் இது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பு. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போக வேண்டும் என்பதை நீயே தொலைபேசியில் நினைவூட்டு.

2017இல் எடைக்குறைப்பு அறுவைக்காக எகிப்திலிருந்து எமான் அகமது என்ற பெண் மும்பையின் சைஃபி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது மும்பை முழுவதும் கிலோக்களைப் பற்றிப் பேசியது. உன் மேசைக்கு வருகிறவரையும் வீடு கிலோவால்தான் அளக்கும். நீ அப்படி அளக்காதே. டம்பிங் வந்தால் "நல்லதுதான், இனிமே இனிப்பைத் தொட மாட்டீங்க" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒருபோதும் சொல்லாதே. கஷ்டப்படுகிறவரைத் தண்டனை பெற்றவராக நினைத்தால், அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். செம்பூர் முருகன் கோயிலில் பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கியவர் அதை உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான், அடுத்த முறை நுனிவிரலில் தொட்டு, மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்ல முடியும்.

மூன்றாம் மாதத்தில் சேராத உணவு ஒரு வருடத்தில் சேர்வதைப் பலரிடம் பார்க்கலாம். அதனால் எந்த விலக்குக்கும் பக்கத்தில் ஒரு தேதி எழுது. அந்தத் தேதியில் ஒரே ஓர் உணவை, ஒரு கரண்டி அளவில், வீட்டில் இருக்கும் நாளில் மறுபடி சோதிக்கச் சொல். ஒருவர் தட்டிலிருந்து எதை எடுத்தாய் என்பதைவிட, எதைத் திருப்பி வைத்தாய் என்பதில்தான் உன் திறமை தெரியும்.

அன்புடன்,
உன் அக்கா
செம்பூர், மும்பை