எந்தப் புழு எந்த வேலைக்கு?

மூலவருக்குச் சாத்திய மாலை மறுநாள் காலையில் நிர்மாலியம் ஆகிவிடுகிறது. அதைக் காலில் மிதிபடும் இடத்தில் போடக்கூடாது என்பது நம் மரபு. முன்னோர் ஆற்றில் விட்டார்கள், மரத்தடியில் இட்டார்கள். நாமோ கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன் முள்ளோடும் கோழி எலும்போடும் சேர்த்துக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். தீவின் குப்பை பெருநிலத்தில் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் சாத்திய பூவும் அந்தப் புகையில் இருந்திருக்கும்.

மாலைகளை உரமாக்கலாமே என்று சிலர் முன்வந்தார்கள். வீட்டுக் கொல்லையைக் கொத்தி, கிடைத்த மண்புழுக்களைப் பொறுக்கித் தொட்டியில் போட்டார்கள். பத்து நாளில் பாதி செத்தது, மீதி ஓடிப்போனது. புழு வளர்ப்பு நமக்கு ஒத்துவராது என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். புழுமேல் குற்றமில்லை. ஒரு புழுவுக்குரிய வேலையை வேறொரு புழுவிடம் கொடுத்ததுதான் அங்கே நடந்தது.

மண்புழு என்று நாம் ஒரே சொல்லால் அழைத்தாலும், அவற்றுள் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. வாழும் இடத்தை வைத்து அறிஞர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். மண்ணின்மேல் கிடக்கும் சருகிலும் சாணத்திலும் வாழ்பவை முதல் வகை. மேல்மண்ணுக்குள்ளேயே துளைத்துச் சென்று மண்ணையே தின்பவை இரண்டாம் வகை. ஆழமாகச் செங்குத்துத் துளை போட்டு, இரவில் மேலே வந்து இலையை உள்ளே இழுத்துச் செல்பவை மூன்றாம் வகை. உரத் தொட்டிக்கு வேண்டியது முதல் வகை. கொல்லையில் கொத்தி எடுப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. மண்ணைத் தின்று பழகியதைப் பூக்குவியலில் விட்டால் அது எப்படிப் பிழைக்கும்?

வேறுபாட்டைக் கண்டறிய நுண்ணோக்கி வேண்டாம், நிறத்தைப் பார்த்தாலே போதும். மேலே வாழும் புழுவின் முதுகு கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருக்கும். வெளிச்சத்தைத் தாங்க அந்த நிறம் அதற்குத் தேவை. மண்ணுக்குள் வாழ்வது வெளிறி, சாம்பல் அல்லது இளஞ்சிவப்பாக இருக்கும். கழுத்தருகே வளையம் போல் தடித்திருந்தால் முட்டையிடும் பருவம் எய்திவிட்டது என்று பொருள். வாங்கும்போது வளையம் உள்ளவை கலந்திருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.

உரத்துக்கு ஏற்றவற்றுள் மூன்றின் பெயரை அடிக்கடி கேட்பீர்கள். மேல்நாட்டு நூல்கள் பரிந்துரைப்பது ஐசீனியா ஃபெட்டிடா, உடலில் புலி போல் வரிகள் உள்ளது. 15 முதல் 25 பாகை வெப்பம் அதற்குச் சுகம். கேமரன் மலையில் வளரும், கெலுகோர் வெயிலில் வாடும். இரண்டாவது யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பருமனானது, நன்றாகத் தின்னும், நம் வெப்பத்துக்கு ஏற்றது. மூன்றாவது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். ஒல்லியாக, நீலப் பளபளப்போடு, தொட்டால் துள்ளும் இப்புழு நம் ஆசிய மண்ணுக்கே உரியது. என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இதுவே முதல் தேர்வு. அடுத்தது ஆப்பிரிக்கப் புழு. இரண்டுக்கும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு: மழை இரவில் கூட்டமாக வெளியேறிவிடும். தொட்டியின்மேல் சிறு விளக்கு எரிய விட்டால் வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே இருக்கும்.

நல்ல சூழலில் ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு அரை கிலோ அளவு தின்னும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பறித்த பூவை அப்படியே கொட்டக்கூடாது. பச்சைக் குவியல் உள்ளுக்குள் 50 பாகைக்கு மேல் சூடேறும், புழு வெந்துவிடும். நாரையும் நைலான் கயிற்றையும் சரிகையையும் அகற்றி, பூவைத் தனியே இரண்டு வாரம் மக்க விட்டு, சூடு தணிந்தபின் இடுங்கள். வாசலில் கட்டிய வாழைமரத்தைத் துண்டாக்கிப் போட்டால் புழுவுக்கு அதைவிட விருந்தில்லை. தேங்காய் நார்த்தூள் நல்ல படுக்கை. எலுமிச்சை மாலை, நெய் விளக்கு ஏற்றிய எலுமிச்சை மூடி, எண்ணெய், உப்பிட்ட பிரசாதம், அபிஷேகப் பால் இவை வேண்டாம். நம் ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அசாம் கெலுகோர் புளிக்காயும் தொட்டிக்கு ஆகாது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும், அதுதான் சரியான ஈரம். தொட்டியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தோட்டத்துக்கு எந்தப் புழுவை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதையும் வாங்காதீர்கள். உரப்புழுவை வெறும் மண்ணில் விட்டால் அது பட்டினி கிடக்கும். செடியின் அடியில் சருகை மூடி, ஈரம் காத்து, பூச்சிக்கொல்லியைக் குறைத்தால் மண்ணுக்குரிய புழு தானே வரும். சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களையே நம்பச் சொன்னவர். தொட்டியின் அடியில் செங்கல் சல்லி, மணல், அதன்மேல் அரை அடி மண், அதற்கும்மேல் சாணமும் வைக்கோலும் என்று அடுக்கினார். மேலடுக்கில் பெரியோனிக்ஸ், மண்ணடுக்கில் ஆழம் துளைக்கும் லாம்பிட்டோ மௌரிட்டி. ஒரே தொட்டியில் இரண்டு குடித்தனம், இருவருக்கும் சண்டையில்லை!

எல்லா மண்புழுவும் எங்கும் நன்மையே செய்யும் என்றும் எண்ண வேண்டாம். தென்னமெரிக்காவில் தோன்றி வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்ட போன்டோஸ்கோலெக்ஸ் என்னும் வெளிறிய புழு மலேசிய மண்ணிலும் உண்டு. பிரேசிலில் காட்டை அழித்துப் புல்வெளியாக்கிய இடங்களில் மற்றப் புழுக்கள் மறைய, இது மட்டும் பெருகி மண்ணை இறுக்கிவிட்டது என்று 1999-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பலவகை உயிர்கள் கூடி வாழும் மண்ணே நல்ல மண்.

இங்கே சிறு இலக்கியச் செய்தி, ஆசிரியர் பழக்கம் விடவில்லை. டார்வின் மண்புழுவைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது 1881-இல். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்கிறது என்று கணக்கிட்டார். பத்தே ஆண்டுகளில், 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளை நாங்கூழ்ப் புழுவை உழவருக்கெல்லாம் மேலானதாகப் போற்றிப் பாட வைத்தார். நாங்கூழ் என்பது மண்புழுவுக்கான பழந்தமிழ்ப் பெயர்.

கோயில் மலரில் தூண்டிலைப் பற்றி எழுதலாமா என்று சைவ அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். பாலத்தடியிலும் கடற்கரையிலும் தூண்டிலோடு உட்காருவோர் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்கவும் செய்கிறார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். குளத்திலும் ஆற்றிலும் கெலி, பூயூ, திலாப்பியா மீன்களுக்கு ஆப்பிரிக்கப் புழு பொருந்தும், பருமனாக இருப்பதால் முள்ளில் நிற்கும். பெரியோனிக்ஸ் ஒல்லி, சிறு முள்ளுக்கே ஆகும். புலிவரிப் புழுவைக் கசக்கினால் மஞ்சள் நீர் கசிந்து நாறும். கடலில் எந்த மண்புழுவும் நிலைக்காது; உப்பு நீர் பட்டதும் துவண்டு வெளுத்துவிடும். அங்கே சேற்றில் வாழும் உம்புன்-உம்புன் தான் சரி. அது மண்புழுவின் கடல்வாழ் உறவு. கடிக்கும் தாடை அதற்கு உண்டு, கவனமாகப் பிடியுங்கள்.

தூண்டிலில் போட்டது போக எஞ்சிய புழுவை மலையடிவாரத்திலோ ஆற்றோரத்திலோ கொட்டிவிட்டு வராதீர்கள். வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப்பின் மண்புழுவே இல்லாதிருந்தது. குடியேறியவர்களின் செடி மண்ணோடும், மீன் பிடிப்போர் கொட்டிய மிச்சத்தோடும் அயல்நாட்டுப் புழுக்கள் உள்ளே புகுந்து, காட்டுத் தரையின் சருகுப் போர்வையைத் தின்று தீர்த்தன. அதை நம்பி முளைத்த செடிகள் குறைந்தன. நம் பினாங்கு மலைக்காடும் சருகை நம்பி வாழும் காடுதான். எஞ்சிய புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலைத் தொட்டியில் விட்டால், அடுத்த வெள்ளிக்கிழமைப் பூவுக்கு அது வேலைக்கு வந்துவிடும்.