உலோகமா, அலோகமா, இரண்டுங்கெட்டானா? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன் மலை என்று இரண்டு மலைகள். இரும்புத் தாது வெட்டும் திட்டத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார ஊர்கள் போராடியது இவற்றுக்காகத்தான். அந்தத் தாது மேக்னடைட் குவார்ட்சைட். இரும்பு, ஆக்சிஜன், சிலிக்கான் மூன்றும் அந்தக் கல்லுக்குள் இருக்கின்றன: ஓர் உலோகம், ஓர் அலோகம், ஓர் உலோகப்போலி (அதாவது இரண்டுங்கெட்டான்).

படி 1: தனிமம்தானா?

இந்த வகைப்பாடு தனிமங்களுக்கு மட்டும். கற்பூரம் சேர்மம், குத்துவிளக்கின் பித்தளையோ செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தாதுக்கல்லையும் அப்படியே எந்த வகையிலும் அடைக்க முடியாது. பிரித்தெடுத்த இரும்பைத்தான் சோதிக்க வேண்டும்.

படி 2: காந்தத்தை நம்பாதீர்கள்

பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். மேக்னடைட் காந்தத்தில் ஒட்டும், ஆனால் அது உலோகமல்ல, சேர்மம். செம்பு ஒட்டாது, ஆனால் அசல் உலோகம். அலுமினியம், தங்கம், வெள்ளியும் ஒட்டுவதில்லை.

படி 3: தட்டிப் பாருங்கள்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையின் 2,668 அடி உயர மலை உச்சியில் எரியும் கொப்பரை செப்புத் தகட்டால் ஆனது. தட்டத் தட்டச் செம்பு உடையாமல் விரியும், இழுத்தால் கம்பியாகும், தேய்த்தால் பளபளக்கும், 1,085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அலோகமான கந்தகக் கட்டியைத் தட்டினால் தூள்தான் மிஞ்சும். பாதரசத்திடம் இந்தச் சோதனை செல்லாது; அறை வெப்பத்தில் அது திரவமாகவே இருக்கும் உலோகம்.

படி 4: மின்சாரம் விட்டுப் பாருங்கள்

பேட்டரி, சிறு பல்பு, இரண்டு கம்பி போதும். செம்பில் பல்பு எரியும், கந்தகத்தில் எரியாது. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் மட்டும் அலோகமான கார்பனாக இருந்தும் மின்சாரத்தைக் கடத்திவிடும். ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

படி 5: இரண்டுங்கெட்டானைப் பிடியுங்கள்

சிலிக்கான் பார்வைக்கு உலோகம்போல மினுங்கும், தட்டினால் கண்ணாடியாய் நொறுங்கும். சூடேறினால் உலோகத்தின் கடத்துதிறன் குறையும், சிலிக்கானுக்கோ கூடும். செல்போன் சிப்பும் சோலார் தகடும் இந்த அரைகுறைக் குணத்தால்தான் வேலை செய்கின்றன.

படி 6: அட்டவணையில் சரிபாருங்கள்

தனிம வரிசை அட்டவணையில் போரானிலிருந்து வலப்பக்கமாக இறங்கும் படிக்கட்டுக் கோட்டைத் தேடுங்கள். இடப்பக்கம் உலோகங்கள் (ஹைட்ரஜன் விதிவிலக்கு), வலப்பக்கம் அலோகங்கள். கோட்டை ஒட்டி உலோகப்போலிகள்: போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமணி, டெல்லூரியம். பொலோனியத்தைச் சில நூல்கள் சேர்க்கும், சில சேர்க்காது. அலுமினியமும் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது, ஆனாலும் அது உலோகமே.